ஐந்து நிமிடப் பூட்டு

கணினி பார்த்துக்கொள்பவனின் பெயர், ஏதாவது கெட்டால்தான் அலுவலகத்துக்கு ஞாபகம் வரும். தென்காசியிலிருந்து வந்து மூன்று வருஷமாகக் கொச்சியின் கொச்சங்காடியில் ஒரு மிளகு ஏற்றுமதி அலுவலகத்தின் மாடியறையில் எனக்கு அந்த வேலை. கீபோர்டும் மௌஸும் ஐந்து நிமிடம் அசையாவிட்டால், ஆளில்லை என்று திரை தானாகப் பூட்டிக்கொள்ளும்படி செய்தவன் நான்தான். உங்கள் திரையும் இப்படிப் பூட்டியிருக்கும், எங்களைத் திட்டியிருப்பீர்கள். திட்டவாவது ஒரு குரல் வருகிறதே என்று இருக்கும் எனக்கு.

இரண்டு கையும் மிளகில்

தரம் பார்க்கும் காதர் இக்கா மிளகை உள்ளங்கையில் கொட்டித் தேய்ப்பார், முகர்வார், ஒன்றைக் கடிப்பார். அதற்குள் திரை பூட்டிக்கொள்ளும். அவசரத்தில் மூன்று முறை கடவுச்சொல்லைத் தப்பாக அடித்தால், நான் இறங்கிப் போய்த்தான் திறக்க வேண்டும். ஒரே நாளில் நான்காவது தடவை போனபோது, கீபோர்டும் மௌஸும் அசைவது மட்டும்தான் கணினிக்குத் தெரியும் என்று விளக்கினேன். அவர் தன் மலையாளம் கலந்த தமிழில் கேட்டார்: "நான் இவிட தானே இருக்கேன் மோனே, இதுக்குக் கண்ணில்லையா?"

பொட்டலம்

கடிதம் அடிக்கும் லதா பக்கத்துப் பள்ளுருத்தியிலிருந்து வரும் தமிழ்ப் பெண். திரை பூட்டாமலிருக்க, சாம்பிள் பொட்டலம் ஒன்றை எண்டர் கீ மேல் வைத்துவிட்டு சாயா குடிக்கப் போனாள். திரும்பி வந்தால் கடிதம் பக்கம் பக்கமாக வெறுமையாய் நீண்டிருந்தது. அழிக்க ஒரு நிமிடம் போதும். அவள் வீட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். கடைசியில் சொன்னாள்: "அண்ணா, முதலாளிகிட்ட சொல்லிராதீங்க, சாயா வாங்கித் தரேன்."

பதினைந்து நிமிடம்

புகார் முதலாளி வரை போனது. பதினைந்து நிமிடமாக்கச் சொன்னார், மாற்றினேன். அதோடு என்னைக் கூப்பிடுவது நின்றுவிட்டது. மூன்று நாள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையில்லாமல் என் திரைதான் பூட்டிக்கொண்டேயிருந்தது. பழையபடி ஐந்தாக்கினால் கூப்பிடுவார்கள். கை அதுவரை போயிற்று, வெட்கமாக இருந்தது. காதர் இக்காவின் மிளகுக் கைகளை நினைத்து விட்டுவிட்டேன்.

நான்காம் நாள் அவரே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். என்ன கெட்டது என்று எழுந்தேன். ஒன்றும் கெடவில்லை என்று உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார்: "நாலு நாளா காணலையே மோனே, நீ இவிட உண்டான்னு பாக்க வந்தேன்."

ஆள் இருக்கிறானா என்று கண்டுபிடிக்க, வலிக்கிற முழங்காலோடு மாடியேறுவதைவிட நல்ல வழி எங்கள் தொழிலில் இன்னும் வரவில்லை.