சித்தப்பாவின் தண்ணீர்ச் சோதனை

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும்முன் மாப்பிள்ளையைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அந்த வீட்டுக் கிணற்றைப் பார்த்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. பழி மருமகள் தலையில் விழும். அக்காவுக்குக் கீழப்பாவூரில் பேசியபோது அப்பாவே போய் ஒரு செம்பு குடித்துவிட்டு, “இளநி கணக்கா இருக்கு” என்று வந்தார். வயலும் தோப்பும் உள்ள வீடு. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம். அப்பாவைவிடக் கொஞ்சம்தான் இளையவர். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை. பாளையங்கோட்டையில் இன்டர்மீடியட் படித்த சித்தப்பா லீவுக்குத் தென்காசி வந்திருந்தார், எனக்கு அதுதான் பெரிய சங்கதி.

அவர் பெட்டியில் கண்ணாடிக் குழாய்களும், சில்வர் நைட்ரேட் என்ற மருந்துள்ள பழுப்புக் குப்பியும் இருந்தன. கல்லூரிக்குத் தெரிந்துதான் வந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீரில் உப்பு எங்கே ஒளிந்திருந்தாலும் அந்த மருந்து காட்டிக்கொடுத்துவிடுமாம்.

“வெயில்ல நடந்து போனவனுக்கு எந்தத் தண்ணியும் இளநிதான், அண்ணாச்சி. நாக்கு பொய் சொல்லும், இது சொல்லாது” என்றார்.

அப்பாவுக்குக் கோபம். ஆனாலும் ஆள் விட்டு ஒரு குப்பித் தண்ணீர் வரவழைத்தார். அதை வாங்கி அடுக்களையில் வைத்தவள் அக்காதான். எதிலும் வாய் திறக்காதவள் அன்று கேட்டாள்: “எம்புட்டு உப்பு இருந்தா தெரியும், சித்தப்பா?”

“ரெண்டு கல்லு போதும்ட்டி. நாக்குக்கே தெரியாது, இதுக்குத் தெரிஞ்சிரும்.”

அக்காவுக்கும் விஞ்ஞானப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் காலை முற்றத்தில் தெருவே கூடிவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. குழாயைப் பிடிக்கும் வேலை எனக்கல்லவா! குற்றாலத்து அருவித் தண்ணீரில் மருந்து விழுந்தது. தண்ணீர் தெளிவாகவே நின்றது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் லேசாக வெளுத்தது. கீழப்பாவூர்த் தண்ணீரிலோ ஒரு சொட்டு விழுந்ததுமே தயிராகத் திரிந்துவிட்டது. “குளோரைடு” என்று, திருடனைப் பிடித்தவர்போலச் சித்தப்பா அறிவித்தார். கூட்டம் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்க, அவரும் உற்சாகத்தில் தண்ணீர்க் குப்பியையே காலி செய்துவிட்டார். அப்பா ஒரு வாய் குடித்துப் பார்க்கக் கேட்டபோது சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை.

“நான் குடிச்சேன்லே” என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். சம்பந்தி வீட்டில் இரண்டாம் முறை தண்ணீர் கேட்பது மரியாதையா? பேச்சு அத்தோடு முறிந்தது. மருந்து பட்டுக் கறுத்த விரலை நான் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டித் திரிந்தேன்.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள் கீழப்பாவூரில் அதே வீட்டுக் கிணற்றில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். அப்பா சொன்னது சரி. இளநீரேதான்.

சோதனை நடந்த காலையில், குழாய் கழுவ அடுக்களைக்குள் ஓடியபோது கல்லுப்பு வைக்கும் மரவை திறந்து கிடந்தது. அக்கா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள். அம்மா மரவையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு அதை மூடி வைத்தாள். எனக்கோ குழாய் கழுவும் அவசரம்.