ஓரத்திலிருந்து நான்கு அங்குலம்

நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, பழைய கார் ஒன்றும் வாங்கினேன். ஊரைவிட்டு வந்து குடியேறிய கடக்வாஸ்லா பக்கம் எங்கள் சிறிய வீட்டு முன்னால் அது வெயிலில் நின்றது. போன மே மாதம், மழைக்கு முந்திய காற்றில் பக்கத்து வீட்டுத் தகர ஷெட் கிளம்பிச் சுவரைத் தாண்டி வந்து காரின் மேல் சாய்ந்தது. ஷெட் வெறும் செங்கல் மேல் நின்றிருந்தது. தரையோடு அதற்குப் பிடிமானமே இல்லை. அந்த வீட்டு மராத்திக்கார அம்மா சங்கடப்பட்டுக்கொண்டு ஓடி வந்தார். யாருக்கும் அடி இல்லை, கதவில் ஒரு கீறல்தான் என்று சொல்லி அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன்.

இந்த வருடம் எங்கள் காருக்கும் ஷெட் போடத் தீர்மானித்தபோது, அதைத் தரையோடு போல்ட் போட்டுப் பிடித்தே ஆகவேண்டும் என்றேன். என் கணவருக்கு போசரி தொழிற்பேட்டையில் லேத் வேலை. இரும்பு விஷயத்தில் யாரையும் கேட்கமாட்டார். ஷெட்டின் நீள அகலத்தை அவரே அளந்து, அதே அளவில் கான்கிரீட் தளம் போடச் சொன்னார். மூன்று வாரம் காலையும் மாலையும் தளம் இறுக நான் அதன்மேல் சாக்கை நனைத்துப் போர்த்தினேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டின் இரும்புச் சட்டத்தைத் தூக்கி நிறுத்தினோம். தளமும் சட்டமும் ஒரே அளவு என்பதால் சட்டத்தின் அடியில் ஓடும் குழாய் சரியாகத் தளத்தின் விளிம்பில் உட்கார்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் மூலையில் துளை போட்டு, இறுக்க இறுக்க உள்ளே விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட்டை இறக்கி, ஸ்பேனரால் இறுக்கினார். நான்காவது சுற்றில் மூலை ரொட்டித்துண்டு மாதிரி உடைந்து கீழே விழுந்தது. போல்ட் கையோடு வந்துவிட்டது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். கோபம்கூட வரவில்லை. "தளத்த ரெண்டு பக்கமும் அரையடி கூட்டிப் போட்டிருக்கோணும்" என்றார், என்னிடமல்ல, கையிலிருந்த போல்ட்டிடம். முப்பது வருடம் இரும்போடு இருந்தவருக்குக் கான்கிரீட் வேறு சரக்கு என்பது அன்றுதான் புரிந்தது. எனக்கும் அன்றுதான்.

தளத்தை உடைத்துத் திரும்பப் போடலாமா என்று அவர் யோசித்தார். நான் உப்புமா கிளறப் போனேன். அடுப்புக்கு மேலே மிளகாய்த்தூள் டப்பாக்கள் இருக்கும் பலகையை எல் வடிவத் தகடுகள்தான் தாங்கிக்கொண்டிருந்தன. கரண்டியோடு வெளியே வந்து சொன்னேன்.

"ஏனுங்க, அடுப்புக்கு மேல பலகையத் தாங்குற மாதிரித் தகடு வச்சா ஆகாதுங்களா? ஒரு பக்கம் குழாயோட இருக்கட்டும். இன்னொரு பக்கத்த உள்ள தள்ளித் தரையில படுக்க வையுங்க. போல்ட் ஓரத்துல வராதுல்ல."

அவர் உள்ளே வந்து பலகைக்கு அடியில் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"எனக்குத் தோணவே இல்லியே அம்மிணி" என்றார்.

அந்த வாரம் முழுக்கச் சட்டத்தின் நான்கு மூலையிலும் மணல் மூட்டை கட்டி வைத்திருந்தோம். வேலை முடிந்து திரும்பும்போது பட்டறையில் அவரே செய்த எல் தகடுகள் தினமும் இரண்டு மூன்று அவர் பையில் வந்தன. நல்ல கனம், ஓரமெல்லாம் கையைக் கிழிக்காதபடி ராவியிருந்தார். விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே துளை விழுகிற மாதிரி கணக்கு.

அடுத்த ஞாயிறு அவர் தகடுகளைக் குழாயோடு நட்டு வைத்து முடுக்கினார். தரையில் துளை போடுகிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். டிரில் மெஷின் முதலில் தோள்வரை உதறியது. எவ்வளவு ஆழம் என்று தெரிய அதன் முனையில் சிவப்பு டேப் சுற்றித் தந்திருந்தார். ஓரிடத்தில் உள்ளே கம்பி தட்டியது. சற்றுத் தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு துளையிலும் தூசியைச் சைக்கிள் பம்பால் ஊதி எடுத்தபிறகுதான் போல்ட்டை இறக்கினோம். கடைசிப் போல்ட்டை இறுக்கும்போது தளத்தின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல்கூட விழவில்லை. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, தன் ஷெட்டுக்கும் இப்படிச் செய்து தரமுடியுமா என்று இந்தியில் கேட்டார். தகடு இவர் தருவார், துளை நான் போடுகிறேன் என்றேன்.

சட்டத்துக்குத் தகரம் வேய்ந்து, காரை உள்ளே நிறுத்திப் பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம் வானம் மஞ்சளாகிக் காற்று எழுந்தது. வேப்பங்கிளை ஒன்று முறிந்து சாலையில் விழுந்தது. நான் ஷெட்டுக்குள் போய் அடிக்குழாயில் கை வைத்தேன். தகரம் படபடத்தது, குழாய் லேசாக அதிர்ந்தது, தகடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பயந்திருக்கவேண்டும், எனக்கென்னவோ அங்கேயே நிற்கத்தான் பிடித்திருந்தது.

போசரியிலிருந்து போன் வந்தது. "நிக்குதா?"

"நிக்குதுங்க. நீங்க மெதுவா வாங்க."

நனைந்து வந்தவர் தலையைக்கூடத் துவட்டாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நட்டாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் தளரவில்லை. அதற்குள் மழை ஜோராகப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் போக இருவருக்கும் மனமில்லை. காரில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து, தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.