மலையடியில் விட்ட சப்பாத்து

போன செப்டெம்பர் மாதம், நாங்கள் குடியிருக்கும் இத்தாலியின் பலேர்மோ நகரத்தில் நடந்த சம்பவம் இது. கனடாவில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் கப்பல் சுற்றுலாவில் வந்திருந்தார்கள். அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு கையும் காலும் இழுத்துவிட்டன. பேச்சும் தெளிவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மனிதருக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஒழுங்கு செய்த பயணம். கப்பல் எங்கள் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும்தான் நிற்கும். நாலரைக்குள் எல்லோரும் திரும்ப ஏறிவிட வேண்டும்.

அத்தான் இறங்க ஏலாது என்று கப்பலிலேயே தங்கிவிட்டார். சாப்பாடு கொடுக்க ஆள் இருந்தது. ஆனால் அவர் என்ன சொல்கிறார் என்பது அக்காவைத் தவிர அங்கே ஒருவருக்கும் விளங்காது.

நான் லிபெர்த்தா பகுதியில் ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியக்கார அம்மா ஒருவரின் வீட்டில் வேலை செய்கிறேன். அன்று லீவு கேட்டபோது, முதன்முதல் வருகிறவர்களுக்கு எதைக் காட்டுவது என்றும் அவரிடமே கேட்டேன். இத்தனை வருடம் இருந்தும் எனக்குத் தெரிந்ததெல்லாம் வீடு, வேலை, கோவில் மூன்றும்தான். அவர் சொன்னபடி பெரிய கோவில், நாலு மூலையிலும் சிலை வைத்த சந்தி, பெரிய தியேட்டர் எல்லாம் காட்டினேன். அக்கா எல்லா இடத்திலும் படம் எடுத்தார். தியேட்டர் படியில் குந்தியிருந்துகொண்டு கேட்டார்:

"எல்லாம் வடிவுதான். நீ போனிலை எப்பவும் சொல்லுற மலை எங்கையடி?"

"கப்பல் ஏற வேண்டிய நாளிலை மலையோ? உனக்கு விசரே?"

"அந்தாளுக்காக நேர்ந்திருக்கிறன். ஏறாமல் போகமாட்டன்."

ஊருக்குப் பக்கத்திலேயே மொந்தே பெல்லெக்ரீனோ மலை. அதில் ஒரு குகைக்குள் புனித ரொசலியாவின் கோவில் இருக்கிறது. எங்கள் தமிழ்ச் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்றில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு அங்கே ஏறும். கற்பாதை தொடங்கும் இடத்தில் செருப்பு சப்பாத்துகளை மதிலோரம் விட்டுவிட்டுப் போவோம். இறங்கி வரும்போது வைத்தது வைத்தபடி இருக்கும்.

டாக்சியில் போய் இறங்கினோம். அன்று கிழமை நாள், வேறு ஆட்கள் இல்லை. இரண்டு பேரின் சப்பாத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மதிலோரம் வைத்தேன். அக்காவின் கழுத்தில் கப்பல்காரர் கொடுத்த அடையாள அட்டை தொங்கியது. செபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டவர், "செபமாலை போட்ட கழுத்திலை இது என்னத்துக்கு?" என்று அட்டையைக் கழற்றிச் சப்பாத்துக்குள் திணித்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் சரியென்றே பட்டது.

மேலே போய்ச் சேர மூச்சு வாங்கிவிட்டது. குகைச் சுவரில் கசியும் தண்ணீரை, அத்தானின் கையில் பூசுவதற்கென்று அக்கா ஒரு சின்னப் போத்தலில் பிடித்தார். பிறகு முழந்தாளில் இருந்து அழத் தொடங்கியவரை எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. நேரம் போய்விட்டதால் பஸ்ஸில் இறங்கினோம். எங்கள் வெறுங்காலைப் பார்த்து ஒரு கிழவர் எழும்பி இடம் தந்தார்.

அடிவாரத்தில் பையைக் காணவில்லை. மதிலோரம் முழுக்கக் கூட்டித் துப்புரவாகக் கிடந்தது. குப்பை வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"பாஸ்போட்டும் கப்பலிலையடி. அட்டை இல்லாமல் வாசல்லையே மறிப்பாங்கள். அந்தாள் தண்ணி கேட்டாலும் ஆருக்கு விளங்கும்?" அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினார்.

வேறு வழி ஏதும் இருந்திருக்கலாம். எங்கள் புத்திக்கு எட்டவில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கக் குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் கால்கடுக்க நின்றவள் நான். கையில் பத்திரம் இல்லாதவருக்குக் கதவு திறக்காது என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். வண்டிக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓடினேன்.

அப்போது மேலேயிருந்து ஒரு சத்தம். "ஸ்கார்பே! ஸ்கார்பே!" சப்பாத்து, சப்பாத்து என்று இத்தாலியனில் யாரோ கத்துகிறார்கள். அண்ணாந்து பார்த்தால், மாடி பல்கனியில் ஒரு வயதான அம்மா. பாணும் மரக்கறியும் வாங்க மாடிக்காரர் கயிற்றில் இறக்கும் கூடை ஒன்று எங்களை நோக்கி ஆடி ஆடி வந்தது. அதற்குள் எங்கள் பை. சப்பாத்துக்குள் அட்டை.

அக்கா அட்டையை முத்தமிட்டார். மேலேயிருந்து அந்த அம்மா ஏசத் தொடங்கினார். எங்கள் பேச்சில் சொன்னால் இப்படி வரும்:

"குப்பை மாதிரிப் பையிலை கட்டி றோட்டிலை வைச்சால் கூட்டுறவன் எடுக்கத்தானே செய்வான்? நான் கத்தினபடியால் கூடைக்குள்ளை போட்டிட்டுப் போறான். ஞாயிறு ஞாயிறா உங்கடை செருப்புகளுக்குக் காவல் இருக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு!"

மலையடியில் எங்கள் சனத்தின் செருப்பு ஒருநாளும் தொலைந்ததில்லை. புனிதையின் காவல் என்று பெருமையாகக் கதைத்துக்கொள்வோம். மேலே ஒரு மனிசி இருந்து பார்ப்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

கீழே வந்தால் நன்றி சொல்லலாமே என்று கேட்டேன். கால் ஏலாது, லிஃப்ட் இல்லை, துணைக்கும் ஆளில்லை, தான் மலைக்குப் போயே எத்தனையோ வருசம் என்றார். அதை அக்காவுக்குச் சொன்னேன். அக்கா தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கூடைக்குள் வைத்தார்.

"அத்தானுக்கெல்லே பிடிச்சனீ?"

"அவருக்குப் பக்கத்திலை நான் இருக்கிறன். இவவுக்கு ஆர் இருக்கினம்? இழுக்கச் சொல்லடி."

கூடை மேலே போனது. அந்த அம்மா போத்தலை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார். பிறகு, கோழி கலைப்பதுபோல் கையை வீசி எங்களைப் போகச் சொன்னார்.

துறைமுக வாசலில் அக்கா அட்டையைக் காட்டி உள்ளே ஓடியபோது, கடைசி ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். கப்பல் வெளிக்கிட்ட பிறகு போன் எடுத்தார். பின்னால் அத்தான் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. "இனிமேல் சப்பாத்தைக் கழுத்திலை தொங்கவிடட்டாம்" என்று அக்கா விளங்கப்படுத்தினார்.

இப்போதும் புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய கோவிலையும் தியேட்டரையும் மலையையும் காட்டத்தான் செய்கிறேன். ஆனால் மலையில் கால் வைக்க முன்னம் அந்தப் பல்கனியை அண்ணாந்து பார்த்துக் கை காட்டிவிட்டுத்தான் ஏறுகிறேன். புனிதை காவல் இருக்கிறார் என்று நாங்கள் நம்பியது பிழையில்லை. யாரைக் கொண்டு காக்கிறார் என்று இத்தனை வருடம் நிமிர்ந்து பார்க்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் இன்றைக்கும் மனதைக் குத்துகிறது.