மண்ணில்லாத தீவில் அழகுமலை

முப்பத்தைந்து வயது வரை அழகுமலை கடலைப் பார்த்ததில்லை. ராயப்பன்பட்டிக்குத் தெற்கே இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் அவனுக்கு இருந்தது. கல்யாணத்துக்குக்கூட அந்தப் பந்தலை விட்டு மூன்று நாள்தான் விலகியிருந்தான். மனைவி வேல்விழி தேவதானப்பட்டிக்காரி. கணக்கில் எம்.எஸ்சி. முடித்து, உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள்.

2003-இல், தொடர்ந்து மூன்றாவது வருஷமாக மழை பொய்த்தது. போர்வெல்லில் காற்றுதான் வந்தது. கொடிகள் அடியிலிருந்தே காய்ந்தன. அந்தச் சமயத்தில் மாலத்தீவு அரசுப் பள்ளிகளுக்கு மதுரையில் ஆள் எடுத்தார்கள். வேல்விழி தேர்வானாள்.

"நீ போயிட்டு வா. நான் இங்கன பந்தலப் பாத்துக்கிறேன்" என்றான் அழகுமலை.

"காஞ்ச பந்தல்ல பாக்க என்ன இருக்கு? நான் ஸ்கூலுக்குப் போயிட்டா பாப்பாவ யாரு பாக்குறது? மூணு பேருமாப் போவோம்."

நிலத்தை அண்ணன் சீனிச்சாமியிடம் ஒப்படைத்துவிட்டு, ஐந்து வயது ஓவியாவைத் தூக்கிக்கொண்டு அவனும் போனான்.

தலைநகரிலிருந்து படகில் ஒரு பகல் முழுக்கப் போகவேண்டிய தீவு அது. இருபது நிமிஷத்தில் சுற்றி வந்துவிடலாம். வேல்விழிக்கு ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஓவியா ஆறு மாதத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு அவர்கள் பாஷையிலேயே சண்டை போட்டாள். அழகுமலை சமைத்தான், துவைத்தான், பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்தான். மீதிப் பொழுதுக்குத் தீவைச் சுற்றி நடந்தான். எந்த வேலையும் செய்யக்கூடாது என்று அவன் விசாவில் எழுதியிருந்தது.

அங்கே மண் கிடையாது. பவளம் பொடிந்த வெள்ளை மணல்தான். அவன் உதிர்ந்த இலைகளையும் மீன் கழிவையும் குழியில் போட்டு மக்கவைத்து, வீட்டுக்குப் பின்னால் மிளகாயும் கத்தரியும் போட்டான். நான்காம் மாதம் புடலைப் பந்தல் காய்த்தது. பக்கத்து வீட்டு மீன்காரர் வந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பாத்தி வேண்டும் என்று கையால் காட்டினார். பிறகு நான்கு வீடு, எட்டு வீடு என்று ஆனது. அவன் காசு வாங்கவில்லை. மீன் கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டான். அந்த ஒரு வருஷம்தான் அவன் சிரித்துப் பேசினான்.

2004 டிசம்பர் சுனாமி அந்தத் தீவைத் தொடவில்லை. ஆனால் யாரோ புகார் எழுதிவிட்டார்கள். 2005-இல் இரண்டு அதிகாரிகள் படகில் வந்து பள்ளி அலுவலகத்தில் அவனை விசாரித்தார்கள். வேல்விழி இங்கிலீஷில் கெஞ்சினாள்.

"காசு வாங்கலன்னு சொல்லு" என்றான் அவன்.

"சொல்லிட்டேன். மீன் வாங்குனாலும் கூலிதான்னு சொல்றாக."

பத்து நாளில் நாட்டை விட்டுப் போகவேண்டும் என்றார்கள். அவளுடைய ஒப்பந்தம் முடியப் பதினாலு மாதம் இருந்தது. அவளும் அவனோடு போயிருக்கலாம். போகவில்லை. அவனும் வா என்று கூப்பிடவில்லை.

ஊரில் டீக்கடையில் ஒருவன் கேட்டான்: "என்னப்பா, வாத்தியாரம்மா திருப்பி அனுப்பிட்டாகளா?" உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அழகுமலை டீயைக் குடித்து முடித்து எழுந்து போனான். மூன்று வாரம் கழித்து சீனிச்சாமி பள்ளிக்கு போன் செய்தார்.

"அங்கன வந்தானாம்மா?"

அவன் எங்கேயும் இல்லை என்பது வேல்விழிக்கு அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் விடுமுறைக்கு வந்து போலீசில் எழுதிக் கொடுத்தாள். குமுளியிலும் போடியிலும் போட்டோவைக் காட்டி அலைந்தாள். விடுமுறை முடிந்ததும் திரும்பிப் போனாள். புருஷன் காணாமல் போன பிறகும் வேலைக்குப் போகிறாள் என்று ஊர் பேசியது. ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு, ஒவ்வொரு டிசம்பரும் வந்து தேடினாள்.

2008-இல் ராஜமணி என்ற ஜீப் டிரைவர், கேரள மலையில் வண்டன்மேட்டுக்கு அப்பால் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் அந்தச் சாயலில் ஒருவர் இருப்பதாகச் சொன்னார். ஓவியாவையும் கூட்டிக்கொண்டு போனாள்.

நாற்றங்காலில் குந்தி உட்கார்ந்து, அவன் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. பிள்ளையை ஏறிட்டுப் பார்த்தான்.

"வளந்துட்டா."

ஓவியா அம்மாவின் பின்னால் ஒதுங்கினாள்.

"செத்துட்டீகன்னு நெனச்சேன். ஒரு லெட்டர் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள் வேல்விழி. "வீட்டுக்கு வாங்க. நான் வேலைய விட்டுடுறேன்."

"எதுக்கு விடணும்? நல்ல வேலை."

கொஞ்ச நேரம் மண்ணை நிரப்பிவிட்டு அவனே பேசினான்.

"அன்னைக்கு ஆபீஸ்ல அவுககிட்ட, 'இவருக்கு ஒண்ணும் தெரியாது'ன்னு இங்கிலீசுல சொன்னீல்ல? அது எனக்கு வெளங்குச்சு."

"உங்களக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"தெரியும். நீ சொன்னது நெசந்தான். அங்கன எனக்கு ஒண்ணும் தெரியல." அடுத்த பையை எடுத்தான். "இருட்டுறதுக்குள்ள ஜீப்பப் பிடிங்க. அப்புறம் வண்டி கெடையாது."

மலை இறங்கும்போது ஓவியா கேட்டாள். "அவரு எப்ப வருவாரு?"

"வர மாட்டாரு" என்றாள் வேல்விழி.

மறுவருஷம் வேலையை விட்டு வந்து, தேனியில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். மீண்டும் தோட்டத்துக்குப் போனபோது, ஓணத்துக்கு முன்பே அவன் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகு அவள் தேடவில்லை.

2010-இல், அவன் பெயரில் இருந்த ரேஷன் கார்டைத் தன் பெயருக்கு மாற்றத் தாலுகா ஆபீசுக்குப் போனாள். இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். விவாகரத்துத் தீர்ப்பு நகல்? அதுவும் இல்லை. அப்படியானால் மாற்ற முடியாது என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவள் வாங்கிக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.