கெஸியாவின் இடது காது

கட்டபெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டின் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில் கெஸியாவும் அவள் அம்மா ஜெஸிந்தாவும் இருந்தார்கள். அம்மாவுக்கு எஸ்டேட் ஆபீஸில் வேலை. கெஸியா கோத்தகிரியில் ஒரு ரெடிமேட் கடையில் லேடீஸ் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் மூன்றாவது ஆள் மோமோ. மோமோ என்ற ஆவிக் கொழுக்கட்டை விற்கும் வண்டிக்கடியில் குளிரில் சுருண்டு கிடந்த வெள்ளை நாய்க்குட்டியை ஷாலுக்குள் வைத்துத் தூக்கி வந்ததால் அந்தப் பெயர்.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்தில் மோமோ காத்திருக்கும். தேயிலைக்கு நடுவே வீடுவரை ஏறும் பாதையில் அதனிடம் பேசிக்கொண்டே வருவாள்.

"நம்ம ஊர்ல எதைப் போட்டாலும் மேல ஸ்வெட்டரைப் போட்டு மூடிடறோம். அப்புறம் சுடிதாருக்கு மேட்சிங் பாத்து என்ன பிரயோஜனம், சொல்லு. ஸ்வெட்டருக்குத்தான் பாக்கோணும்."

பனிமூட்டத்தில் கடுகு மஞ்சள்தான் எடுப்பாக இருக்கும், சாம்பல் நிறம் போட்டால் ஆளே காணாமல் போய்விடும் என்பது அவள் கட்சி. பேச்சு தீர்ந்ததும் இயர்போனை மாட்டிக்கொள்வாள். பாட்டுக்குப் பின்னால் மெலிதாகப் போகும் இரண்டாவது குரலைத் தேடிப் பிடித்து அதோடு சேர்ந்து பாடுவாள். சர்ச் பாடகர் குழுவில் அவள் ஆல்ட்டோ. மற்றவர்கள் மெட்டைப் பாடும்போது அதற்குக் கீழே, ஒட்டாமலும் விலகாமலும் போக வேண்டிய குரல். அது அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே வந்தது.

அக்டோபரில் கடைக்குத் துணி எடுக்கக் கோயம்புத்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுகையில் இடது காது அடைத்தது. மலை ஏறினால் எல்லோருக்கும் அடைப்பதுதான். கூட வேலை பார்க்கும் ஸ்டெபி பக்கத்து சீட்டில் ஒரு கொட்டாவி விட்டாள், அவளுக்குத் திறந்துகொண்டது. கெஸியாவுக்குக் கோத்தகிரி வந்தும் திறக்கவில்லை. காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் மட்டும், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நிற்பதுபோல.

"எச்சில முழுங்கு கண்ணு, தன்னால திறந்துக்கும்" என்றாள் அம்மா. திறக்காததால் எண்ணெயை இளஞ்சூடாக்கி ஊற்றினாள். ஆவி பிடிக்க வைத்தாள். ஸ்டெபி சூயிங்கம் வாங்கிக் கொடுத்தாள். இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று நாட்கள் போயின.

இயர்போனில் இடது பக்கம் வேலை செய்யவில்லை. கெட்டுப்போயிருக்கும் என்று புதிதாக ஒன்று வாங்கினாள். அதிலும் இடது பக்கம் ஊமையாக இருந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனவள், கடைப்படியில் நின்று, சும்மா பார்ப்போமே என்று இடது பக்கத்தைக் கழற்றி வலது காதில் வைத்தாள். பாட்டு கணீரென்று கேட்டது.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கோயம்புத்தூரில் காது டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்கும் திறனுக்கு ஒரு டெஸ்ட் எடுத்தார். பிறகு, "இது அடைப்பு இல்லம்மா. நரம்பு. கேட்காமப் போன உடனே வந்திருந்தா மாத்திரையில திரும்பறதுக்கு வாய்ப்பு அதிகம்" என்றார்.

"மலை ஏறினதாலங்களா?"

"அப்படிச் சொல்ல முடியாது. நிறையப் பேருக்கு ஏன் வருதுன்னே தெரியறதில்ல."

மாத்திரை சாப்பிட்டாள். காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். முகம் வீங்கியது, தூக்கம் போனது. காது வரவில்லை.

நவம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. குழுவை நடத்தும் சில்வஸ்டர் அண்ணா கீபோர்டில் இருந்தார். முதல் பாட்டு பாதியில் கையை எடுத்தார். மறுபடி தொடங்கினார், மறுபடி நிறுத்தினார். யாரோ தப்பாகப் பாடுகிறார்கள் என்று கெஸியாவும் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கெஸியா, இன்னைக்கு மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றார் அவர், முடிந்தவரை மெதுவாக.

பாட்டு முடியும்வரை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாரம் போகவில்லை.

அதற்குப் பிறகு அவளிடம் ஒவ்வொன்றாக நின்றது. தினமும் ஒரே மெரூன் ஸ்வெட்டர். இடது காதுக் கம்மலைக் கழற்றினாள், கேட்காத காதுக்கு எதற்கு என்று. அந்த ஓட்டை தெரியாமல் முடியை முன்னால் இழுத்துவிட்டாள். கடையில் இடது பக்கமிருந்து கூப்பிடும் வாடிக்கையாளர்கள் திமிர் பிடித்தவள் என்று முனகிவிட்டுப் போனார்கள். அதையும் ஸ்டெபி சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். பஸ் இறங்கி வீடுவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. மோமோ இரண்டடிக்கு ஒருமுறை திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் போகும். ஒருநாள் பாத்திரம் கழுவும்போது, "செத்துப்போனா இந்தச் சத்தமாவது நிக்குமா ம்மா?" என்று கேட்டாள். அம்மா குழாயை மூடிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் வீட்டில் மகளைத் தனியே விடவில்லை.

லீவு நாளொன்றில், மதியமே பனி இறங்கிவிட்டது. அம்மா குளிக்கப் போயிருந்தாள். வெளியே மோமோ விடாமல் குரைத்தது. கெஸியா இறங்கித் தேயிலைக்குள் போனாள். குரைப்பு முன்னால் கேட்பதுபோல இருந்தது. ஒரு திருப்பம் தாண்டியதும் வெந்நீர்ப் பானையைத் திறந்ததுபோல ஒரு பெருமூச்சு. எதிரே காட்டெருமை நின்றது. கொம்புகளும் நெற்றியும்தான் தெரிந்தன, மற்றதெல்லாம் பனிக்குள் இருந்தது. ஒரு வரிசைத் தேயிலைதான் நடுவில். குரைப்பு இதன் பக்கம் இல்லவே இல்லை, தனக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

அவள் அசையவில்லை. அது தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு, செடிகள் முறிய, சரிவில் இறங்கிப் போனது.

அடுத்து மோமோவின் குரைப்பு அழுகையாக மாறியது. எங்கோ விழுந்திருக்கிறது. "மோமோ, எங்கடா இருக்க?" என்று கத்தினாள். அது பதிலுக்குக் கத்தியது. வலது பக்கம் ஓடினாள், இல்லை. மேலே ஏறினாள், இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சத்தம் வலது காதில்தான் வந்து விழுந்தது. வெள்ளைப் பனியில் வெள்ளை நாய். அவள் மண்ணில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். காது போனபோது, பாட்டு போனபோது அழாத அழுகை அது.

அழுது ஓய்ந்தபோதும் அது முனகிக்கொண்டுதான் இருந்தது, முன்பைவிடச் சன்னமாக. அவள் எழுந்து வலது காதை ஒரு பக்கம் காட்டி நின்றாள். கொஞ்சம் திரும்பி நின்றாள். இன்னும் கொஞ்சம். ஒரு இடத்தில் சத்தம் ஒரு துளி கூடியது. அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்து, மறுபடி சுற்றி நின்று கேட்டாள். இரண்டு முறை தவறான பக்கம் போய்த் திரும்பினாள். கடைசியில் கால் வழுக்கி, மழைத்தண்ணீர் போக வெட்டிய கானுக்குள் மோமோவின் மேலேயே விழப் பார்த்தாள். அதற்குக் கழுத்துவரை சேறு. மற்றபடி காயம் இல்லை.

தலையில் கட்டிய துண்டோடு அம்மா தேடி வந்தபோது இருவரும் ஒரே சேறாக இருந்தார்கள். ஜெஸிந்தா நாயைப் பார்க்கவில்லை, மகளைத்தான் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள்.

"நான்தான் சாமி எண்ணெய ஊத்தி ஊத்தி நாளக் கடத்திட்டேன். உடனே கூட்டிட்டுப் போயிருந்தா..."

"எனக்கும்தானம்மா தெரியல" என்றாள் கெஸியா.

அந்த வாரம் அவள் சில்வஸ்டர் அண்ணாவிடம் போய், "வரிசையில என்னை இடது கோடியில நிறுத்துங்கண்ணா. எல்லாக் குரலும் வலது பக்கம் வந்தா ஒருவேளை பிடிச்சுக்குவேன்" என்றாள். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. முதலில் ஒரு பாட்டு பாடச் சொல்லிக் கேட்டார். பிறகு ஆல்ட்டோ வரிசையையே மாற்றி நிறுத்தினார்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் பாடினாள். முதல் பாட்டில் சுருதி பிசகவில்லை. இரண்டாவது பாட்டில் நழுவியது. இரண்டு வரி வாயை மூடிக்கொண்டாள், மூன்றாவது வரியில் சேர்ந்துகொண்டாள். கீழே இருந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. முன்பு நினைக்காமலே வந்தது இனி இப்படித்தான் வரும் என்று தோன்றியது.

ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதாள். அம்மா பிரியாணித் தட்டோடு வந்து கூப்பிட்டாள். அவள் திரும்பவில்லை. அம்மா சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து நின்றாள்.

"ஆறுது கண்ணு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் அழு."

கெஸியா மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள்.