பூச்சாடியில் என் பெயர்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் இருக்கும் என் கணவரின் தங்கை, வயதுக்கு வந்த மகளின் சாமத்தியச் சடங்கு மண்டப மேடையில் வைக்க என் பழங்கால வெள்ளிப் பூச்சாடியை இரவல் கேட்டாள். நம்பிக் கொடுத்தேன். சடங்கு முடிந்ததும், "ஹோலில ஆரோ எடுத்திட்டினம் அண்ணி" என்று அழுதாள். நானே ஆறுதலும் சொன்னேன்.

சில மாதங்களில் அதே பூச்சாடி இணையத்தில் விற்பனைக்கு வந்தது. என் மகன் பந்தடித்து நெளித்த விளிம்பு படத்தில் அப்படியே தெரிந்தது. வேறு பெயரில் விசாரித்தேன். வந்த முகவரி அவளுடைய வீடு. அவளைப் பெற்ற மாமியையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

"பூச்சாடி வாங்க வந்தனான்" என்றேன்.

"அது பிறகு கிடைச்சது அண்ணி..." என்று இழுத்தாள்.

"கிடைச்சதெண்டா ஏனடி விக்கிறாய்?" என்றார் மாமி.

பூச்சாடியோடு நேரே நகைக்கடைக்குப் போனேன். நாங்கள் அண்டா குண்டாவுக்குப் பெயர் வெட்டுவதுபோல, அதன் வயிற்றில் என் பெயரைப் பெரிதாக வெட்டச் சொன்னேன். "பழம்பொருளின்ர மதிப்பே போயிடும் அக்கா" என்று கடைக்காரர் தடுத்தார். "வெட்டுங்கோ" என்றேன்.

இப்போதும் சொந்தத்தில் யார் விசேஷத்துக்குக் கேட்டாலும் இரவல் கொடுக்கிறேன். ஒரே நிபந்தனை: பெயர் இருக்கும் பக்கம், கணவரின் தங்கை உட்காரும் கதிரையைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.