பதினேழாவது இருக்கை

2024 பிப்ரவரி 10, சனிக்கிழமை, அதிகாலை 4 மணி 32 நிமிடம். ராயப்பன்பட்டியில் அன்று கடும் பனி. ஓட்டுநர் இறங்கி வேன் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தார். கொச்சியில் உள்ள பழைய பேராலயத்தைப் பார்க்கக் கிளம்பினோம். பதினேழு பேர் உட்காரும் வேன். உள்ளே பதினாறு பேர்.

இந்தப் பயணத்துக்கு நான் திட்டம் போட்டது நாற்பத்தொரு நாள். வாடகை 14,450, தலைக்கு 850. குமுளிக்கு 5.50, பீருமேட்டில் காபிக்குப் பதினைந்து நிமிடம், பத்தரைக்குப் பேராலய வாசல். பகல் பன்னிரண்டுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று முன்பே விசாரித்து வைத்திருந்தேன். தேதியையும் யோசித்துத்தான் குறித்தேன். அடுத்த புதன் விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு போனால், கேரளத்துக்குப் போயும் கறி சாப்பிட முடியவில்லையே என்று பாதிப் பேர் முனகுவார்கள். அதனால் முந்தின சனிக்கிழமை. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பதினேழு பெயருக்கும் எண் போட்டிருந்தேன்.

கிளம்புவதற்கு ஆறு நாள் முன்னால், ஞாயிறு பூசை முடிந்ததும், என் சித்தப்பா மகள் வீட்டுக்கு வந்தாள். அறுபத்து நான்கு வயது. கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் கொச்சி ஆஸ்பத்திரியில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்தபோது, பிழைத்தால் அந்தப் பேராலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொண்டார். பிழைத்தார். திராட்சைத் தோட்டம், கவாத்து, மருந்தடிப்பு என்று ஓடியதில் போகவே இல்லை. அவர் போனபின் அந்த நேர்ச்சை இவள் தலையில் வந்து விழுந்தது. கூடவே சர்க்கரை நோய் இவள் கண்ணையும் பிடித்திருந்தது.

“எனக்கும் ஒரு எடம் போடுங்கண்ணே. கண்ணு தெரியும்போதே அவுக சொன்னத முடிச்சுட்டு, அந்தக் கோயில ஒருக்கப் பாத்துர்றேன்.”

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினாள். பத்தும் ஐம்பதுமாகச் சரியாக 850.

“பதினேழும் ஆயிருச்சு தாயி,” என்றேன்.

“நடுவுல ஒரு ஸ்டூலப் போட்டாக்கூட ஒக்காந்துக்கிருவேன்.”

என் நோட்டில் பதினெட்டாவது எண் கிடையாது. அவளை நிறுத்த ஒரு காரணம் வேண்டியிருந்தது. “வருசம் திரும்பாம துக்கக்காரி ஊரு சுத்தப் போனா நாலு பேரு என்ன சொல்லுவாக?” என்றேன். அந்த வழக்கத்தில் எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை.

“ஊரு சுத்தவாண்ணே கேக்குறேன்?” என்றாள். பணத்தைத் திரும்ப முடிந்துகொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை 4.10க்குப் போன் வந்தது. பதினேழாம் எண்காரர் ஜவுளிக்கடை முதலாளி. வயிறு சரியில்லை, வரவில்லை என்றார். நான் முன்பணம் வாங்காத ஒரே ஆள் அவர்தான். பெரிய மனிதரிடம் கேட்கக் கூச்சம்.

“போற வழிலதான ஒங்க தங்கச்சி வீடு, ஏத்திக்கிருவமே,” என்றாள் என் மனைவி.

“அது எந்திரிச்சு, குளிச்சு, கெளம்ப அரை மணி நேரம். பன்னெண்டு மணிக்குக் கதவச் சாத்திட்டா நீ போயித் தொறப்பியா?”

காலி இடத்தில் என் பையையும் நோட்டையும் வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டும் இடத்தில் தங்கை வீட்டு வாசல் விளக்கு எரிந்தது. குளித்து, வெளுத்த சேலை கட்டி, கையில் துணிப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கடைசி நேரத்தில் யாராவது வராமல் போகலாம் என்று நினைத்திருப்பாள். நிறுத்தச் சொல்ல ஒரு வார்த்தை போதும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 4.36.

அப்படி மிச்சம் பிடித்த அரை மணி நேரம் எங்கே போனது? பீருமேட்டில் காபிக்கு இறங்கியவர்கள் தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுத்துவிட்டு ஏற நாற்பத்தேழு நிமிடம் ஆனது. பேராலய வாசலில் இறங்கும்போது 11.02. எங்கே பார்த்தாலும் பூ வைத்த கார்கள். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் அதற்கு முந்தின சனிக்கிழமை எந்தக் கோயிலிலும் கல்யாணம் நெருக்கியடிக்கும். விவரம் தெரிந்த நாள் முதல் எங்கள் ஊரில் பார்த்துவருவதுதான். கறிக்காக நாள் குறித்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஒரு கல்யாணம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு இடையில் உள்ளே விட்டார்கள். பதினோரு நிமிடம். தூண்களை எண்ணினேன், ஜன்னல்களை எண்ணினேன். தங்கையின் பேரில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது திரும்பி வரும்போது வேன் குமுளி மலை இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

காலி இடத்துக்கான பணத்தைப் பதினாறு பேரும் பங்கிட்டுக்கொள்ளலாம், தலைக்கு 53 ரூபாய் 13 காசு வரும் என்று சொன்னேன். பின்சீட்டிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்: “பேசுன காசு பேசுனதுதான், பெருசு. அந்தச் சீட்டுல ஒங்க நோட்ட ஒக்கார வச்சுத்தான கூட்டியாந்தீக? அதுக்கிட்டயே கேளுங்க!”

வேனே சிரித்தது. பணத்தை நான் கட்டினேன்.

அந்த வருடம் அக்டோபருக்குள் தங்கைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மறுவருடம் ஜனவரியில் அவள் வீட்டுக்குப் போய், கார் வைத்து நானே கொச்சிக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

“மெழுகுதிரிய இங்கன நம்ம கோயில்லயே ஏத்திட்டேண்ணே. அம்புட்டுத் தூரம் வந்து நான் என்னத்தப் பாக்க?”

“நான் பாத்துப் பாத்துச் சொல்றேன் தாயி.”

“நீங்களா?” என்று சிரித்தாள். கோபம் இருந்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “எத்தன தூணு, எத்தன ஜன்னலுன்னு சொல்லுவீக.”

அது எப்படி இருந்தது என்று அப்போதே ஒரு வரி சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. எண்கள்தான் வந்தன.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவள் வீட்டைக் கடந்து போகிறேன். பகலிலும் அந்த வாசல் விளக்கு எரிவதுபோலவே இருக்கிறது. ஒருவரும் உட்காராத அந்த இருக்கைக்கு நான் கட்டியது, அவள் பத்தும் ஐம்பதுமாக நீட்டி நான் வாங்க மறுத்த அதே 850 ரூபாய்.